இந்தியன் என்பது நோய் அல்ல!



"நம்ம ஆளுங்களுக்கு ரோஷம் அதிகம். அதான் பொசுக்குன்னு உயிரை விட்டுடறாங்க." சாவு வீட்டுப் பந்தலில் இந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். படித்தவர்களும் இதையே வேறு வார்த்தையில் சொல்கிறார்கள்: "புள்ளிவிவரம் பாருங்கள், இந்தியர்தானே அதிகம்!"

சரி, புள்ளிவிவரத்தையே பார்ப்போம். சுகாதார அமைச்சின் தேசிய தற்கொலைப் பதிவேடு 2007-இல் தொடங்கியது. 2009-ஆம் ஆண்டு அதில் பதிவான மரணங்கள் 328. அவர்களில் சுமார் 21 விழுக்காட்டினர் இந்தியர்கள். அன்று நாட்டு மக்கள்தொகையில் நாம் ஏறக்குறைய 7 விழுக்காடு. அதாவது நம் பங்கைப் போல மூன்று மடங்கு!

இதை வைத்து, இந்தியராக இருப்பது ஓர் 'ஆபத்துக் காரணி' என்று ஆய்வுகள் எழுதுகின்றன. அந்தச் சொல்லை நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஆற்றோரத் தாழ்நிலத்தில் ஓர் இனத்தவரை மட்டும் குடிவைத்துவிட்டு, வெள்ளம் வந்தபின் கணக்கெடுத்தால், அந்த இனமே 'வெள்ள ஆபத்து அதிகம் உள்ள இனம்' என்றுதான் அட்டவணையில் வரும். வெள்ளம் அவர்கள் ரத்தத்தில் இருந்தா வந்தது? அட்டவணையில் இருக்கும் 'இந்தியர்' என்ற சொல்லும் ஒரு முகவரிதான். அந்த முகவரிக்குப் போய்ப் பார்த்தால்தான் காரணம் தெரியும்.

மனநல மருத்துவர் டி. மணியம் போய்ப் பார்த்தார். கேமரன் மலையைப் பற்றிய அவரது ஆய்வு 1988-இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் வெளிவந்தது. அங்கே இந்தியர்களின் மரணங்கள் அதிகம். அந்தத் துயரங்களில் விவசாய விஷங்களுக்குப் பெரும் பங்கு இருந்தது.

நம் தோட்டத்து வாழ்க்கை தெரிந்தவர்களுக்கு இதில் என்ன ஆச்சரியம்? ரப்பரிலும் செம்பனையிலும் மருந்து அடித்தவர்கள் யார்? பெரும்பாலும் நம் அம்மாக்கள், நம் அக்காக்கள். குறைந்த கூலி, குடி, கடன், தோட்டம் துண்டாடப்பட்டால் வீடும் போய்விடும் என்ற பயம். இத்தனைக்கும் நடுவே விஷம் கைக்கெட்டும் தூரத்தில். பணக்காரன் மனமுடைந்தால் அவனைச் சுற்றி மருத்துவர் இருக்கிறார். தோட்டப் பாட்டாளி மனமுடைந்தால் அவனைச் சுற்றி என்ன இருந்தது?

பாராகுவாட் என்ற களைக்கொல்லியைப் படிப்படியாக நிறுத்தப் போவதாக 2002-இல் அரசாங்கம் அறிவித்தது. 2006-இல் அந்தத் தடையைத் தானே தளர்த்தியது. முழுத்தடை வந்தது 2020 ஜனவரி 1-ஆம் தேதி. இடைப்பட்ட ஆண்டுகளில் போன உயிர்களுக்கு யார் பதில் சொல்வது?

"தடை செய்தால் விவசாயம் படுத்துவிடும்" என்றார்கள். இலங்கையைப் பாருங்கள். 1995-இல் அங்கே ஒரு லட்சம் பேருக்கு சுமார் 47 பேர் தற்கொலையால் இறந்தனர். கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். 2005-க்குள் அந்த விகிதம் ஏறக்குறைய பாதியானது. விளைச்சல் படுத்துவிடவில்லை. அந்தப் பத்து ஆண்டுகளில் இலங்கை மக்களின் ரத்தமா மாறிவிட்டது? ரோஷமா குறைந்துவிட்டது? இல்லை! சட்டம் மாறியது. மனம் தாங்காத அந்த நேரம் பலருக்கும் சில மணி நேரத்தில் கடந்து போய்விடும். அதைக் கடந்து வந்தவர்களில் பெரும்பாலோர் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை என்பதும் ஆய்வுகள் சொல்லும் உண்மை.

இன்னொரு சட்டமும் நம்மைக் கொன்றது. குற்றவியல் சட்டம் 309-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் என்றது. வெள்ளைக்காரன் கொண்டுவந்த சட்டம். தன் நாட்டில் 1961-லேயே அவன் அதை எடுத்துவிட்டான். நாம் வைத்துக்கொண்டிருந்தோம்.

நான் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கிய புதிதில், மாஜிஸ்திரேட் நீதிமன்றம் ஒன்றில் ஒரு தமிழ்ப் பெண் குற்றவாளிக் கூண்டில் நின்றார். கையில் மருத்துவமனைப் பட்டை இன்னும் இருந்தது. ஆலோங் கடன், வேலை இழந்த கணவர், இரண்டு பிள்ளைகள். வழக்கறிஞர் இல்லை. அபராதம் விதித்தார்கள். கடனில் கிடந்தவருக்கு இன்னொரு கடன்! வெளியே அவர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரிஞ்சிருந்தா ஆஸ்பத்திரிக்கே கொண்டு வந்திருக்க மாட்டேன் சார்" என்றார். அந்த வார்த்தை இன்றும் என்னைச் சுடுகிறது.

அந்தப் பிரிவு இன்று இல்லை. 2023 மே மாதம் நாடாளுமன்ற மக்களவை அதை நீக்க வாக்களித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 11-இல் நடைமுறைக்கு வந்தது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் மீது இனி அதற்காக வழக்குப் போட முடியாது. பிறரைத் தூண்டிவிடுவது மட்டும் இன்றும் குற்றம். ஆனால் இந்தச் செய்தி நம் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சரியாகப் போய்ச் சேரவில்லை. "போலீஸ் கேஸ் ஆயிடும்" என்று இன்னும் மூடி மறைக்கும் குடும்பங்களை நான் பார்க்கிறேன். ஐயா, அம்மா, பயப்படாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

அரசாங்கத்திடம் நாம் கேட்பது சலுகை அல்ல, உரிமை. இனத்தை மட்டும் எண்ணாதீர்கள். அவர் என்ன வேலை செய்தார், எவ்வளவு சம்பாதித்தார், எங்கே குடியிருந்தார் என்பதையும் எண்ணி வெளியிடுங்கள். அரசாங்க கிளினிக்குகளில் தமிழில் பேசும் மனநல ஆலோசகர்களை அமர்த்துங்கள். மனவலியை மொழிபெயர்ப்பாளர் வைத்துச் சொல்ல முடியுமா?

நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. வீட்டில் ஒருவர் ஒதுங்கிப் போனால், "வாழவே பிடிக்கலை" என்று சொன்னால், திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆபத்தான மருந்துகளைப் பூட்டி வையுங்கள். பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929 எண்ணில் எந்நேரமும் பேசலாம். தாலியான் காசே 15999, சுகாதார அமைச்சின் 15555 எண்களும் உள்ளன.

அடுத்த முறை சாவு வீட்டில் "நம்ம ஆளுங்களே இப்படித்தான்" என்று யாராவது சொன்னால், பேசாமல் தலையாட்டாதீர்கள். திருப்பிக் கேளுங்கள்: நம்மைத் தாழ்நிலத்தில் குடிவைத்தது யார்?