எந்தச் சமயத்தை வைப்பார் வாத்தியார்?

"சர்ச் நடத்துகிற பள்ளியில் பைபிள் வகுப்பு நடக்கலாம், கோயில் ஊரில் இருக்கிற அரசுப் பள்ளியில் தேவாரம் சொல்லித்தரக் கூடாதா? நகராட்சியும் அறநிலையத்துறையும் சேர்ந்து வகுப்பு வைத்தால் என்ன?" ஆடித்தபசுத் திருவிழாவின்போது சங்கரன்கோவிலில் இப்படிக் கேட்பவர்கள் உண்டு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால், அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு இந்துவா கிறிஸ்தவரா என்று பார்ப்பதில்லை. யார் பணம் என்றுதான் பார்க்கிறது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் எந்தச் சமயப் போதனையும் கூடாது. உதவிபெறும் பள்ளியில் நடத்தலாம், பெற்றோர் சம்மதம் வேண்டும். அந்தப் பள்ளியை இந்து அறக்கட்டளை நடத்தினாலும் இதே உரிமை, இதே கட்டுப்பாடு.

'பிள்ளைகளுக்குச் சமயமே தெரியாமல் போகிறது' என்பது பாடப்புத்தகத்தைப் புரட்டாதவர் பேச்சு. தேவாரம், கம்பராமாயணம், சீறாப்புராணம், நம் நெல்லைச் சீமைக்காரர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் எல்லாம் தமிழ்ப் பாடத்தில் நெடுநாளாக வந்தவைதான். சமயங்களைப் பற்றிப் படிக்கத் தடையில்லை என்று 2002இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

இலங்கையைக் காட்டுகிறார்கள். அங்கே சமயம் கட்டாயப் பாடம், உண்மை. சைவப் பிள்ளைக்குச் சைவநெறி, முஸ்லிம் பிள்ளைக்கு இஸ்லாம் என்று தனித்தனிப் புத்தகம். இங்கிலாந்தில் உள்ளாட்சி மன்றம் சமயக் கல்விக்குப் பாடத்திட்டம் வகுக்கிறது; அந்தக் குழுவில் பல சமயத்தாரும் ஆசிரியர்களும் உட்கார வேண்டும், பெற்றோர் வேண்டாமென்றால் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம். இதையா இங்கே கேட்கிறார்கள்? பக்கத்துப் புளியங்குடியில் இஸ்லாம் வகுப்புக்கு நகராட்சி சம்பளம் கொடுத்தால் சரி என்பார்களா?

அதை விடுங்கள், சங்கரன்கோவிலுக்குள்ளேயே எதை வைப்பது? சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகர்கள் மல்லுக்கட்டியதில்தான் இந்தக் கோயிலின் தலபுராணமே தொடங்குகிறது. கோமதி அம்மன் தவமிருந்து, இறைவன் பாதி அரனாகவும் பாதி அரியாகவும் வந்து நின்ற பிறகுதான் வழக்கு தீர்ந்ததாம். இன்றும் அந்தச் சந்நிதியில் விபூதியும் உண்டு, துளசித் தீர்த்தமும் உண்டு. அம்மனுக்கே தவமிருக்க வேண்டியிருந்த வழக்கை நாற்பது நிமிட பீரியடில் தீர்க்க ஒரு வாத்தியாரை அனுப்புகிறோமா?

'பொதுவான நல்லொழுக்கம் மட்டும் பேசட்டும்' என்பார்கள். 2024 ஆகஸ்டில் சென்னை அசோக் நகர் அரசுப் பெண்கள் பள்ளியில் அப்படித்தான் மகாவிஷ்ணு என்பவரைப் பேச விட்டார்கள். ஊனத்துக்கும் வறுமைக்கும் முற்பிறவி வினைதான் காரணம் என்று பேசினார். எதிர்த்துக் கேட்டவர் பார்வையற்ற ஆசிரியர் ஒருவர். பேசியவர் கைதானார், தலைமையாசிரியை மாற்றப்பட்டார்.

கடைசியாகக் கோயில் பணம். அதில் சமயம் கற்பிக்க வழி ஏற்கெனவே இருக்கிறது: அறநிலையத்துறையின் ஓதுவார், அர்ச்சகர் பயிற்சிப் பள்ளிகள் அதற்குத்தான். கோயில் மண்டபத்தில் மாலை வேளையில் தேவார வகுப்பு வைக்க 28ஆவது பிரிவு குறுக்கே நிற்கவில்லை. நகராட்சிக்கு எழுதுகிற மனுவைக் கோயில் அலுவலகத்தில் கொடுத்துப் பார்க்கலாம்.