பூனையும் நூற்பந்தும்

சிறுவர் பக்கத்துக்கென நூற்பந்துடன் விளையாடும் பூனைக்குட்டியின் படத்தை நானே எத்தனையோ தடவை தெரிவுசெய்திருக்கிறேன். இன்று அதற்காக வெட்கப்படுகிறேன்.

பூனையின் நாக்கிலுள்ள முட்கள் உட்புறமாகச் சாய்ந்தவை; வாயில் அகப்பட்ட நூலை அதனால் எளிதில் துப்பிவிட முடியாது. நூலின் ஒரு பகுதி நாக்கின் அடியிலோ இரைப்பையின் கீழ்வாயிலிலோ சிக்கிக்கொள்ள, எஞ்சியது குடலுக்குள் இழுபடுகிறது. குடலோ அசைந்தசைந்து அந்நூலின்மீது சேலைக் கொய்யகம்போலச் சுருங்குகிறது. இறுகிய நூல் வாள்போல் அறுத்துக் குடலைத் துளைத்தும் விடக்கூடும்.

வாந்தியெடுத்து, உணவை மறுத்துச் சோர்ந்துகிடந்தால் தாமதியாது மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள். பெரும்பாலும் சத்திரசிகிச்சையே தேவைப்படும். ஆசனவாயிலில் நூல் தொங்குகிறதே என்று இரக்கப்பட்டு இழுத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அவ்வாறு நீண்ட கை என்னுடையதுதான். நல்லவேளை, மனைவி தடுத்துவிட்டார். தையற்பெட்டி இப்போது அலுமாரிக்குள் இருக்கிறது.