தப்பு யார் மேல்?

சென்ற ஞாயிறு காலை, அண்ணன் மகனின் கிரிக்கெட் ஆட்டம். ஒரே ஓவரில் நான்கு வைடு வீசினான். "பயிற்றுவிப்பாளர் சரியில்லை" என்றார் அண்ணன். "பையன் பயிற்சியே செய்வதில்லை" என்றார் பயிற்றுவிப்பாளர். 13 வயதுப் பையன் இருவருக்கும் நடுவே தலைகுனிந்து நின்றான்.

தேக்கா நிலையத்துக்கு அழைத்துப் போனேன். பரோட்டா வந்தும் தொடவில்லை. "சித்தப்பா, தப்பு என் மேலயா?"

நடராஜன் கதையைச் சொன்னேன். சேலம் மாவட்டம், சின்னப்பம்பட்டிக்காரர். 2015ல் தமிழ்நாட்டுக்காக ரஞ்சிக் கிண்ணத்தில் அறிமுகமானதுமே, அவர் பந்துவீசும் முறை விதிக்கு உட்பட்டதா என்று சந்தேகம் எழுந்தது. பயிற்றுவிப்பாளர்களின் உதவியோடு கையசைவைத் திருத்திக்கொண்டு மீண்டு வந்தார். 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். குறையைக் காட்ட ஒருவர் வேண்டும். திருத்த வேண்டியது வீசுகிற கைதான்.

வானொலியில் சேர்ந்த புதிதில் எனக்கு 'ழ' சரியாக வராது. தயாரிப்பாளர் கதவைச் சாத்திவிட்டு, எங்கள் இருவருக்கு மட்டும் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார். அன்றிலிருந்து வீட்டில் தினமும் உரக்கப் படித்தேன்.

பையன் யோசித்தான். "ஓடிவர்ற தூரத்தைக் குறைக்கச் சொன்னாரு, நான்தான் கேக்கல. ஆனா எல்லார் முன்னாடியும் கத்தினாரு, சித்தப்பா."

ஆக, இருவருக்கும் பங்குண்டு. "அப்பாகிட்ட நான் பேசட்டுமா?"

"வேணாம், நானே சொல்றேன்."

பரோட்டாவைப் பிய்க்கத் தொடங்கினான்.