பின்வாசல் வழியே மூன்றாம் முறையா?

ஒருவர் இரண்டு முறைக்கு மேல் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்படக் கூடாது. அமெரிக்க அரசியல் சட்டத்தின் 22வது திருத்தம் சொல்வது இதுதான். பள்ளிச் சிறுவனுக்கும் புரியக்கூடிய இந்த விதியில் ஓர் ஓட்டை இருக்கிறது என்று சிலர் கிளம்பியிருக்கிறார்கள்.

ஜனாதிபதி பதவிக்குத்தானே நிற்கக் கூடாது? துணை ஜனாதிபதி பதவிக்கு நிற்கலாமே! தமக்கு வேண்டிய ஒருவரை ஜனாதிபதி வேட்பாளராக நிறுத்தி, தாம் துணை ஜனாதிபதியாக வென்று, பதவியேற்ற மறுநாளே அவரை ராஜினாமா செய்ய வைத்தால், ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்படாமலேயே மூன்றாம் முறையும் அந்த நாற்காலியில் அமர்ந்து விடலாமே! இதுதான் அவர்களின் கணக்கு.

2016லும் 2024லும் வெற்றி பெற்ற டொனால்ட் டிரம்ப், 2025 மார்ச்சில் என்.பி.சி. தொலைக்காட்சிக்கு அளித்த பேட்டியில், மூன்றாம் முறை பற்றித் தாம் விளையாட்டாகப் பேசவில்லை என்றார். துணை ஜனாதிபதி வான்ஸ் போட்டியிட்டு வென்று பதவியை விட்டுக் கொடுப்பது பற்றிக் கேட்டபோது, அதுவும் ஒரு வழிதான் என்று பதில் சொன்னார். அதே ஆண்டு அக்டோபரில், துணை ஜனாதிபதியாக நிற்கத் தமக்கு அனுமதி உண்டு, ஆனாலும் அப்படிச் செய்யப் போவதில்லை, மக்கள் அதை விரும்ப மாட்டார்கள் என்றார்.

செய்யப் போவதில்லை என்று சொன்னது நல்லதே. 'அனுமதி உண்டு' என்றாரே, அது சரிதானா என்பதே நமது கேள்வி. அந்த அனுமதி அவருக்கு உண்டு என்றால் கிளிண்டனுக்கும் உண்டு, புஷ்ஷுக்கும் உண்டு, ஒபாமாவுக்கும் உண்டு. இனி வரப் போகிறவர்களுக்கும் உண்டு. ஆகவே இதை ஒரு தனி மனிதரின் விவகாரமாகப் பார்க்கக் கூடாது.

இந்த வரம்பு ஏன் வந்தது? அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் இரண்டு முறை பதவி வகித்து, 1797ல் தாமாகவே விலகிக் கொண்டார். சட்டம் கட்டாயப்படுத்தாமலேயே அது மரபாயிற்று. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அந்த மரபை உடைத்தார். 1932, 1936, 1940, 1944 என நான்கு முறை வென்று, 1945 ஏப்ரலில் பதவியில் இருக்கும்போதே இறந்தார். மரபை நம்பி இனிப் பயனில்லை, எழுதி வைக்க வேண்டும் என்று முடிவு செய்த நாடாளுமன்றம் 1947ல் திருத்தத்தை நிறைவேற்றியது. மாநிலங்களின் ஒப்புதல் கிடைத்து 1951ல் அது சட்டமாயிற்று.

அதில் சொல் ஒன்று சறுக்கியது. 1947ல் பிரதிநிதிகள் சபை முதலில் நிறைவேற்றிய வாசகம், இரண்டு தடவை ஆண்டவர் மீண்டும் ஜனாதிபதி பதவியை 'வகிக்கத்' தகுதியற்றவர் என்றது. செனட் சபை வாசகத்தை மாற்றியது. இறுதியில் 'தேர்ந்தெடுக்கப்படக் கூடாது' என்ற சொல்லே நிலைத்தது. தேர்ந்தெடுக்கப்படுவது வேறு, பதவி வகிப்பது வேறு என்று வாதிடுவோருக்கு இந்த ஒரு சொல்தான் மூலதனம்.

அந்த வாதம் புதிதும் அல்ல. இந்த வரம்புக்கு முதலில் உட்பட்ட ஐசனோவர், துணை ஜனாதிபதியாக நிற்க முடியுமா என்ற கேள்வியை 1960 ஜனவரியில் நிருபர்களிடம் வேடிக்கையாக எழுப்பி, விடை தமக்குத் தெரியாது என்றார். 1999ல் மின்னசோட்டா பல்கலைக்கழகச் சட்ட இதழில் இதை விரிவாக ஆராய்ந்த கட்டுரையே வந்தது. யாரும் முயன்று பார்க்காததால் எந்த நீதிமன்றமும் இன்று வரை தீர்ப்புச் சொன்னதில்லை.

ஆனால் சட்டத்தில் இன்னொரு வாசகம் இருக்கிறது. ஜனாதிபதி பதவிக்கு அரசியல் சட்டப்படி தகுதியற்ற எவரும் துணை ஜனாதிபதி பதவிக்கும் தகுதியற்றவர் என்று 1804ல் வந்த 12வது திருத்தம் அடித்துச் சொல்கிறது. ஓட்டை தேடுவோர் இதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். தகுதி என்றால் 35 வயது, பிறப்பால் குடிமகன், 14 ஆண்டு வசிப்பு, இவ்வளவுதான் என்கிறார்கள். இருமுறை வென்றவருக்குத் தேர்தலில்தான் தடை, தகுதியில் தடையில்லை என்கிறார்கள்.

இந்த வாசகம் ஏன் எழுதப்பட்டது என்று பார்த்தால் விடை கிடைத்து விடும். ஜனாதிபதி இறந்தால் அல்லது விலகினால் நாற்காலி தானாகவே போய்ச் சேருவது துணை ஜனாதிபதியிடம். மற்ற பதவிகள் அப்படியல்ல. கிஸ்ஸிஞ்சர் 1973 முதல் 1977 வரை வெளியுறவு அமைச்சராக இருந்தார். அவர் ஜெர்மனியில் பிறந்தவர் என்பதால் வாரிசு வரிசையில் அவரைத் தாண்டி அடுத்தவரிடம் போக வேண்டும் என்பதே நிலை. அமைச்சராக இருக்க அது தடையாகவில்லை. துணை ஜனாதிபதிக்கு மட்டும் தனியாக ஒரு வாசகம் எழுதி வைத்ததன் காரணம் இதுதான். முன்வாசலில் நுழைய முடியாதவன் பின்வாசலிலும் நுழையக் கூடாது!

துணை ஜனாதிபதி ஜனாதிபதியாவது அபூர்வம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எட்டு ஜனாதிபதிகள் பதவியில் இறந்து, ஒருவர் ராஜினாமா செய்து, ஒன்பது துணை ஜனாதிபதிகள் இப்படி அந்த நாற்காலிக்கு வந்திருக்கிறார்கள். 1974ல் நிக்சன் விலகியபோது வந்த ஜெரால்ட் ஃபோர்டு, துணை ஜனாதிபதியாகவும் தேர்தலில் நின்றவர் அல்லர். நியமனத்தால் வந்தவர். பின்வாசல் அவ்வளவு அகலமானது.

வணிகச் சகோதரர்களுக்கு இதைப் புரிய வைக்க ஆயிரம் பக்கச் சட்டப் புத்தகம் தேவையில்லை. உரிமம் ரத்தான ஒருவர், மைத்துனர் பெயரில் உரிமம் வாங்கி, கல்லாப் பெட்டியில் தாமே உட்கார்ந்து கொண்டால் அதற்கு என்ன பெயர்? பினாமி! 'என் பெயரில்தானே கடை நடத்தக் கூடாது' என்று அவர் வாதாடினால் அதிகாரி ஒப்புக் கொள்வாரா? ஒரு கடைக்கே பொருந்தாத வாதம், உலகின் மிக வலிமையான படைக்குத் தளபதியாக இருக்கும் பதவிக்குப் பொருந்துமா?

இது வெறும் கற்பனைப் பயம் என்பவர்கள் ரஷ்யாவைப் பார்க்கட்டும். தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் கூடாது என்று அங்கும் விதி இருந்தது. 2000 முதல் 2008 வரை ஜனாதிபதியாக இருந்த புதின், மெத்வதேவை அந்த நாற்காலியில் உட்கார வைத்து, தாம் பிரதமரானார். 2012ல் திரும்பி வந்தார். அதற்குள் பதவிக் காலம் நான்கிலிருந்து ஆறு ஆண்டாக நீட்டப்பட்டிருந்தது. 2020ல் பழைய கணக்கையே அழித்து, 2036 வரை நீடிக்க வழி செய்து கொண்டார். இரண்டாம் நாற்காலி, முதல் நாற்காலியைக் காத்து வைக்கும் இடமாயிற்று.

முஸ்லிம்கள் அதிகம் வாழும் இந்தோனேசியாவின் அனுபவம் இன்னும் கசப்பானது. ஜனாதிபதி 'மீண்டும் தேர்ந்தெடுக்கப்படலாம்' என்று மட்டும் அங்கே எழுதியிருந்தது. எத்தனை முறை என்று எழுதவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் சுகார்தோ 1998 மே வரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டார். அவர் வீழ்ந்த பிறகு 1999ல் 'அதே பதவியில் இன்னும் ஒரு முறை மட்டும்' என்று திருத்தினார்கள். பிறகு என்ன நடந்தது? 2022ல் ஜோகோ விடோடோவின் இரண்டாம் காலம் முடியப் போகும் நேரத்தில், துணை ஜனாதிபதி 'அதே பதவி' அல்லவே என்ற வாதம் அங்கும் எழுந்தது. அவர் நிற்கவில்லை. ஆனால் 2023 அக்டோபரில், அவருடைய மைத்துனர் தலைமை வகித்த அரசியல் சட்ட நீதிமன்றம் வேட்பாளரின் வயது வரம்பில் விலக்கு அளித்தது. 36 வயதான அவர் மகன் ஜிப்ரான் துணை ஜனாதிபதி வேட்பாளராகி வெற்றியும் பெற்றார். தந்தைக்குத் திறக்காத கதவு மகனுக்குத் திறந்தது!

அண்டை நாடான இலங்கையில் இந்த ஆபத்து மயிரிழையில் தப்பியது. 2005லும் 2010லும் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் மகிந்த ராஜபக்சே. இரு முறை வரம்பை 2010ல் நீக்கினார். 2015ல் தோற்ற பிறகு, 19வது திருத்தம் அந்த வரம்பைத் திரும்பக் கொண்டு வந்தது. 2019ல் தம்பி கோத்தபய ஜனாதிபதியானதும் அண்ணன் பிரதமரானார். ஜனாதிபதி நாற்காலி காலியானால் பிரதமரே பதில் ஜனாதிபதி என்பது அந்நாட்டுச் சட்டம். 2022 மே மாதம் மக்கள் எழுச்சி மகிந்தவை ராஜினாமா செய்ய வைத்தது. ஜூலையில் கோத்தபய நாட்டை விட்டே ஓடினார். அந்த இரண்டு மாத இடைவெளி இல்லாதிருந்தால், சட்டம் தடுத்த மனிதர் அதே சட்டத்தின் துணையோடு நாற்காலியில் அமர்ந்திருப்பார்.

அந்த அண்ணன் தம்பி ஆட்சியில் என்ன நடந்தது என்பதை நாம் மறக்க முடியுமா? 2020லிருந்து 2021 பிப்ரவரி வரை, கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களை அடக்கம் செய்ய அனுமதிக்காமல் எரித்தார்கள். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. வரம்பில்லாத அதிகாரத்தின் முதல் அடி சிறுபான்மையினர் மீதுதான் விழும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

'அமெரிக்காவில் யார் துணை ஜனாதிபதியானால் நமக்கென்ன?' என்று கேட்கும் இளைஞர்களுக்கு இதுதான் நமது பதில். எண்ணிக்கையில் குறைந்தவர்களுக்கு எழுதப்பட்ட சட்டமே கேடயம். பெரும்பான்மை பலம் உள்ளவர் சட்டத்தின் சொல்லை வைத்துக் கொண்டு அதன் நோக்கத்தைக் கொன்று விடலாம் என்றால், இன்று பதவி வரம்பு போகும். நாளை வழிபாட்டு உரிமையும் சொத்துரிமையும் அதே வழியில் போகும்.

ஆகவே நமது கருத்து தெளிவானது. இருமுறை தேர்ந்தெடுக்கப்பட்டவர் துணை ஜனாதிபதியாகக் கூடாது. 12வது திருத்தத்தையும் 22வது திருத்தத்தையும் சேர்த்துப் படிப்பதே நேர்மையான வாசிப்பு. சொல்லில் சந்தேகம் இருக்கிறது என்றால் 'வகிக்கக் கூடாது' என்று அமெரிக்கர்கள் திருத்தி எழுதிக் கொள்ளட்டும். அர்ஜென்டினா 1994லேயே அதைச் செய்து காட்டியது. ஜனாதிபதியும் துணை ஜனாதிபதியும் இடங்களை மாற்றிக் கொண்டு தொடர்ந்து நீடிக்க முடியாதபடி, இரண்டு பதவிகளின் பெயரையும் குறிப்பிட்டே அந்நாடு வரம்பு விதித்தது.

நமக்கும் இதில் பாடம் உண்டு. நம் ஜமாஅத்துகளிலும் வணிகர் சங்கங்களிலும் விதிமுறை எழுதும்போது, தலைவருக்கு மட்டும் வரம்பு வைத்து விட்டுச் செயலாளர், கௌரவத் தலைவர் என்று பின்வாசலைத் திறந்து வைக்காதீர்கள். பதவிக்கு வருவதை நாம் விழாவாகக் கொண்டாடுகிறோம். பதவியை விட்டு இறங்குவதையும் கண்ணியமாகக் கருதும் பழக்கம் நம் இளைஞர்களிடமிருந்து தொடங்கட்டும்.