சால்னாவுக்கு வாரிசு யாரு?

ஒரு சின்ன கேள்வி பாஸ். உங்க ஊர்ல பெஸ்ட் பரோட்டா கடை எதுன்னு கேட்டா அரை செகண்ட்ல பேர் சொல்லிடுவீங்க. ஓகே. அதே கடையில இன்னும் இருபது வருஷம் கழிச்சு சால்னா வைக்கப்போறது யாரு? என்ன... முழிக்கிறீங்களா? கடைக்கார அண்ணாச்சியும் அப்படித்தான் முழிக்கிறார்!

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் வந்திருக்கீங்களா? சுத்தமான வானம் பார்த்த பூமி. கம்பு, சோளம், பருத்தி, மிளகாய், மல்லி... மழை மனசு வச்சா இதெல்லாம் விளையும். கோதுமைக் கதிரை எங்க ஊர்ல பாதிப் பேர் சினிமாவுல மட்டும்தான் பார்த்திருப்பாங்க. ஆனா சாயங்காலம் ஆறு மணிக்கு பஜார் பக்கம் போய் நில்லுங்க. தட்டுக்குத் தட்டு மைதா! 1956-ல அமெரிக்காவோட போட்ட பி.எல்.480 ஒப்பந்தத்துக்கு அப்புறம் கப்பல் கப்பலா கோதுமை வந்து இறங்குச்சு. நெல்லுக்கு வழியில்லாத ஊர்ல மைதா இப்படி ஒட்டிக்கிட்டதுல அந்தக் கப்பலுக்கும் ஒரு பங்கு இருக்கும்கிறது என் கணக்கு. ஆக, மாவு வெளியூர். சால்னாவுல இருக்கிற மிளகாயும் மல்லியும் உள்ளூர். ருசி எங்கே இருக்குன்னு இப்பவே புரிஞ்சிருக்குமே!

எங்க மாவட்டத்து ஸ்பெஷல் எண்ணெய் பரோட்டா. விருதுநகர் பர்மா கடைன்னு சொன்னாலே மதுரைக்காரங்க நாக்கைச் சப்புக்கொட்டுவாங்க. சாதா பரோட்டாவைக் கல்லுல சுடுவாங்க இல்லையா, இதை விளிம்பு வச்ச கல்லுல எண்ணெயை ஊத்தி அதுலயே பொரிச்சு எடுப்பாங்க. வெளியில மொறுமொறு, உள்ளே மெத்துமெத்து. பிய்ச்சுப் போட்டு, அது முங்குற அளவுக்கு சால்னாவை ஊத்தி, ஒரு நிமிஷம் ஊறவிட்டு... சரி சரி, ஹாஸ்டல்ல இருந்துக்கிட்டு இதைப் படிக்கிறவங்க என்னை மன்னிச்சிடுங்க.

ஒரு பரோட்டா கடையில ரெண்டு ரகசியம் இருக்கு. ஒண்ணு, மாஸ்டரோட கை. மாவைப் பிசைஞ்சு, எண்ணெய் தடவி, ஊறவச்சு, விசிறி, சுத்தி... பிசைஞ்ச உடனே மாவை இழுத்தா ரப்பர் மாதிரி திரும்பச் சுருங்கிடும். அதுல இருக்கிற குளூட்டன்கிற புரதம் முறுக்கிக்கிட்டு நிக்கும். ஊறவச்சா அது தளர்ந்து, கண்ணாடி மாதிரி மெலிசா விரியும். மாஸ்டர் எந்த லேப்லயும் இதைப் படிச்சதில்லை. ‘மாவு இன்னும் கோவமா இருக்குப்பா’ம்பார், அவ்வளவுதான். இந்த ரகசியம் ஊரறிய நடக்குது. கல்லு முன்னாடி நின்னு நாம எல்லாரும்தானே வேடிக்கை பார்க்கிறோம்!

ரெண்டாவது ரகசியம் சால்னா மசாலா. அது மாஸ்டருக்கும் தெரியாது. கடைக்காரர் வீட்டு அடுப்படியில, கதவைச் சாத்திக்கிட்டு வறுக்கிற சமாச்சாரம்.

இத்தாலிக்காரங்க இதுல நமக்கு ஒண்ணுவிட்ட சித்தப்பா முறை. அவங்களும் மாவைக் கையால விசிறுற கோஷ்டி. நேப்பிள்ஸ்ல 1870-ல இருந்து ஒரே குடும்பத்துல வர்ற ‘தா மிக்கேலே’ன்னு ஒரு பீட்சா கடை. மார்கரிட்டா, மரினாரான்னு ரெண்டே வகை பீட்சாவுக்குப் பேர் போன கடை அது. இன்னிக்கு டோக்கியோ வரைக்கும் கிளை. 1984-ல நேப்பிள்ஸ் பீட்சாக்காரங்க ஒரு சங்கம் ஆரம்பிச்சு, அசல் பீட்சான்னா என்னன்னு எழுதியே வச்சுட்டாங்க. மாவைக் கையாலதான் விரிக்கணும், உருட்டுக்கட்டை கூடாது, விறகு அடுப்புல 60-லேருந்து 90 செகண்டுக்குள்ள வெந்துடணும்னு நம்ம ப்ராஜெக்ட் ரிப்போர்ட் மாதிரி அத்தனையும் அளவு. 2017-ல யுனெஸ்கோவே அவங்க கைத்திறமையை உலகப் பாரம்பரியம்னு பட்டியல்ல சேர்த்துடுச்சு. நம்ம மாஸ்டர் விசிறுற விசிறலுக்கு யாராவது ஒரு ஏ4 பேப்பராவது செலவழிச்சிருக்கோமா?

இன்னொரு கதை இதைவிட சுவாரஸ்யம். ரோம்ல ஆல்ஃப்ரெடோ தி லெலியோன்னு ஒருத்தர். 1908-ல பிரசவத்துக்கு அப்புறம் சாப்பாடே இறங்காம கிடந்த மனைவிக்காக, பாஸ்தாவுல வெண்ணெயும் சீஸும் மட்டும் போட்டுக் கிளறிக் கொடுத்தார்ங்கிறது அந்தக் குடும்பம் சொல்ற கதை. அதுதான் இன்னிக்கு உலகமே சாப்பிடுற ‘ஆல்ஃப்ரெடோ’. 1914-ல சொந்தக் கடை வச்சார். 1943-ல, யுத்த நேரத்துல, கடையைத் தன்கிட்ட வேலை பார்த்த ரெண்டு சர்வர்களுக்கே வித்துட்டார். யுத்தம் முடிஞ்சு 1950-ல மகனோட சேர்ந்து வேற தெருவுல புதுக்கடை! அது பின்னால பேத்தி கைக்கு வந்துச்சு. ரெண்டு கடையும் இன்னும் ஓடுது, ‘நாங்கதான் ஒரிஜினல்’னு ரெண்டும் சொல்லுது. ஒண்ணு ரத்த வழி வாரிசு. இன்னொண்ணு வேலை வழி வாரிசு. தீர்ப்பு சொல்லுங்க பார்ப்போம்!

புவிசார் குறியீடு வாங்கிட்டா போதாதான்னு கேப்பீங்க. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-ல கிடைச்சது. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல கிடைச்சது. ரொம்ப சந்தோஷம். ஆனா அது ஊருக்குக் கிடைக்கிற மரியாதை. ஒரு வீட்டு அடுப்படி ரகசியத்துக்கு அது பொருந்தாது.

இப்போ என் ஹாஸ்டல் நண்பன் வீட்டுக்கு வருவோம். அருப்புக்கோட்டையில அவங்க அப்பாவுக்கு பரோட்டா கடை. தாத்தா ஆரம்பிச்சது. மசாலா அம்மா பொறுப்பு. அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தது அவங்க மாமியார். மிளகாய், மல்லி, சோம்பு, பட்டை, கசகசா, கல்பாசி... இதெல்லாம் யாருக்கும் தெரியும். எது முன்னாடி, எது பின்னாடி, எது எவ்வளவு நேரம்? அதுதான் சங்கதி. அரைக்கிறதுக்குக்கூட மிஷினுக்கு அனுப்ப மாட்டாங்க. மிஷின்காரர் மோந்து பார்த்தே கண்டுபிடிச்சிடுவாராம்!

அந்த வீட்டுல ஒரு சட்டம். மசாலா மருமகளுக்குத்தான், மகளுக்குக் கிடையாது. ஏன்னா மக இன்னொரு வீட்டுக்குப் போறவ. கூடவே ரகசியமும் போயிடும். அதனால வறுக்கிற அன்னிக்கு நண்பனோட அக்காவை வெளித்திண்ணையில உட்கார வச்சுடுவாங்க. அக்காவும் இருபது வருஷம் திண்ணையில உட்கார்ந்து பூ கட்டிக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் பரமக்குடியில கட்டிக்கொடுத்தாங்க.

போன வருஷம் அம்மாவுக்குத் திடீர்னு ஆபரேஷன். மதுரையில பத்து நாள் ஆஸ்பத்திரி. நாலாவது நாளே மசாலா டின் காலி. படுத்துக்கிடக்கிறவகிட்ட போய் இதைக் கேக்கறதான்னு அப்பாவுக்குக் கூச்சம். அவரும் மாஸ்டரும் சேர்ந்து குத்துமதிப்பா ஒண்ணு வச்சாங்க. வழக்கமா வர்ற பெரியவர் ஒருத்தர் ஒரு வாய் வச்சுட்டு, ‘என்ன அண்ணாச்சி, கடையை வித்துட்டீகளா?’ன்னுட்டார்.

வீட்டைப் பார்த்துக்க வந்திருந்த அக்கா, அன்னிக்கு ராத்திரி அடுப்படிக்குப் போச்சு. கதவைச் சாத்தலை. ஒவ்வொண்ணா வறுத்துச்சு. மறுநாள் கடையில ஒருத்தரும் வாயைத் திறக்கலை. சாப்பிடத்தான் திறந்தாங்க! ‘உனக்கு யாரு சொல்லிக்கொடுத்தா?’ன்னு அப்பா கேட்டதுக்கு, ‘திண்ணைக்கு வாசம் வராதாப்பா?’ன்னுச்சாம். இருபது வருஷம் எந்த வாசம் முதல்ல வருது, எந்த வாசம் கடைசியில வருதுன்னு மூக்காலயே படிச்சிருக்கு! டிஸ்சார்ஜ் ஆகி வந்த அம்மா ருசி பார்த்துட்டு, ‘கல்பாசி ஒரு இணுக்கு கூட’ன்னு மட்டும் சொன்னாங்க. நம்ம இன்டர்னல் மார்க்குல இப்படி ஒரே ஒரு மார்க் குறைஞ்சா ஊரையே கூட்டி பார்ட்டி வைப்போம்.

இந்த செமஸ்டர் லீவுல நானும் அவனும் எலெக்ட்ரானிக் தராசோட அம்மா முன்னாடி உட்கார்ந்தோம். ‘ஒரு கை மல்லி’ன்னாங்க. நிறுத்தோம். 42 கிராம். திரும்ப அள்ளச் சொன்னோம். 41. இன்னொரு தடவை, 42. எங்க லேப்ல இருக்கிற மெஷின் இவ்வளவு ஒழுங்கா ரீடிங் காட்டினதே இல்லை பாஸ்! நோட்டுல நாலு பக்கம் எழுதி முடிச்சோம். வறுக்கிற நேரத்துக்கு மட்டும் நம்பர் எழுத முடியலை. ‘மிளகாய் உன் கண்ணைக் கரிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி’ன்னா எத்தனை செகண்டுன்னு எழுதறது?

நோட்டு இப்போ பீரோவுல பத்திரம். நண்பனுக்கு அடுத்த மாசம் கேம்பஸ் இன்டர்வியூ. ‘படிச்சு வெளியூர் போயிருப்பா, இந்த அனல் உன்னோட போகட்டும்’ங்கிறார் அப்பா. பதினெட்டு வருஷமா கல்லு முன்னாடி நிக்கிற மாஸ்டர்கிட்ட அந்த நோட்டைக் கொடுத்தா என்னன்னு கேட்டுப் பார்த்தேன், ஆல்ஃப்ரெடோ கதையையும் அவிழ்த்துவிட்டேன். அண்ணாச்சி சிரிச்சார். பதில் சொல்லலை.

இப்போதைக்கு ஏற்பாடு என்னன்னா, அம்மாவுக்குக் குனிஞ்சு நிமிர முடியாததால அக்காதான் பரமக்குடியில வறுத்து அரைக்குது. பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை எவர்சில்வர் டின்ல கட்டி, திருச்சுழி வழியா வர்ற பஸ்ல ஏத்தி விடும். டின்னுக்கு லக்கேஜ் சார்ஜ் உண்டு, இறக்கி வைக்கிற பையனுக்கு டீக்காசு உண்டு.

‘அக்காவுக்கு என்னடா கொடுக்கிறீங்க?’ன்னு கேட்டேன்.

‘அக்காதானடா!’ன்னான்.