லயத்துக்குப் பின்னால் நிற்கும் மண்



வெள்ளம் வரும் முன் அணை போடு என்பது பெரியவர்கள் வாக்கு. லயத்துக்குப் பின்னால் மலைபோல் குவிந்து கிடக்கும் மண்ணைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு இந்த வாக்குதான் நினைவுக்கு வருகிறது. மறுநடவுக்காக மேட்டை வெட்டி ஒதுக்கிய மண், சாலை போட்டபோது சரிவில் தள்ளிய மண், வீடமைப்புக்காகக் குன்றை உடைத்துக் கொட்டிய மண் என்று நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் இதற்குக் குறைவில்லை. நீலாய், லாபு, செண்டாயான் வட்டாரங்களில் பல தோட்டங்கள் வீடமைப்பு நிலமாகிவிட்டன. பழைய லயங்களில் மிஞ்சி இருக்கும் நம்மவர்களைக் கேட்டால், "அது இத்தனை வருசமா அப்படியேதான் கெடக்குது, என்ன ஆயிடப் போவுது?" என்கிறார்கள்.

என்ன ஆகும் என்பதை உலகம் ஏற்கனவே பார்த்துவிட்டது. வேல்ஸ் நாட்டில் அபர்ஃபான் என்பது நிலக்கரிச் சுரங்க ஊர். தோண்டியெடுத்த கழிவை ஊருக்கு மேலே மலைச்சரிவில் ஏழு குவியல்களாகக் கொட்டி வைத்திருந்தார்கள். 1958இல் தொடங்கிய ஏழாவது குவியலுக்கு அடியில் நீரூற்று இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கழிவு கொட்டுவது ஆபத்து என்று 1963லேயே உள்ளூர் மன்றத்திலிருந்து கடிதம் போயிற்று. கடிதம் கோப்பில் தூங்கியது. 1966 அக்டோபர் 21ஆம் தேதி காலை ஒன்பதேகால் மணிக்குக் குவியல் குழம்பாகச் சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. மாண்டவர் 144 பேர். அவர்களில் 116 பேர் பிள்ளைகள். பழி தேசிய நிலக்கரி வாரியத்தையே சேரும் என்றது விசாரணை மன்றம். குவியல்களின் பாதுகாப்புக்கென்று தனிச்சட்டம் வந்தது 1969இல்தான்.

பெயருக்குப் பார்த்துவிட்டுப் போவதும் சோதனை ஆகாது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் பஃபலோ கிரீக் என்னும் இடத்தில் நிலக்கரிக் கழிவால் எழுப்பிய அணையைப் பார்த்த அதிகாரி ‘திருப்தி’ என்று எழுதிப் போனார். நான்கு நாள் கழித்து, 1972 பிப்ரவரி 26ஆம் தேதி, அது உடைந்து 125 பேரைக் கொண்டு போயிற்று. இப்படிப்பட்ட அணைகளை ஏழு நாளைக்கு ஒரு முறையாவது சோதிக்க வேண்டும் என்ற விதி அங்கே உண்டு.

இதெல்லாம் சுரங்கக்காரர் கதை, நமக்கென்ன என்று இருக்க முடியாது. சிலாங்கூர் பத்து ஆராங்கில் 1915 முதல் 1960 வரை நடந்த நிலக்கரிச் சுரங்கத்தில் நம்மவர்களும் உழைத்தார்கள். சுரங்கக் கழிவானாலும் தோட்டத்து மண்ணானாலும், தண்ணீர் உள்ளே இறங்கினால் பிடிப்பு விட்டுப் போகும். இலங்கையில் கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலை மலை சரிந்து லயன்கள் மண்ணுக்குள் போயின. 2005லும் 2011லும் அங்கே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பித்தார்கள். திரும்பி வந்தபோது சிலருக்குப் பெற்றோர் இல்லை. நம் நாட்டிலும் 2022 டிசம்பர் 16ஆம் தேதி பத்தாங் காலியில் சரிந்த மண், கூடாரங்களில் தூங்கியவர்களில் 31 பேரைப் பலி கொண்டது.

மண் பெரும்பாலும் சொல்லாமல் சரிவதில்லை. குவியலின் உச்சியில் வளைந்து ஓடும் வெடிப்பு, அடிவாரத்தில் புடைத்து வரும் மண், நேற்றுவரை இல்லாத ஊற்று, தெளிவாக வந்த நீர் திடீரென்று கலங்குவது, நேராக நின்ற மரமோ வேலிக்காலோ சாய்வது — இவை மண் கொடுக்கும் முன்னறிவிப்பு. மேலே தண்ணீர் குளம்போல் தேங்கக் கூடாது. சுற்றிலும் உள்ள கால்வாயில் இலையும் மட்டையும் அடைக்கக் கூடாது. வீட்டு வாசலை நிரவ வேண்டும் என்று அடிவாரத்து மண்ணை வெட்டவே கூடாது. குவியலைத் தாங்கி நிற்பது அந்த அடிமண்தான்.

இதைப் பார்க்க வேண்டிய பொறுப்பு நிர்வாகத்தினுடையது. வாரத்துக்கு ஒரு முறையும், பெருமழை பெய்த மறுநாளும், பெயர் குறிப்பிட்ட ஒருவர் போய்ப் பார்த்து நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டும். எழுதியதற்கு என்ன செய்தார்கள் என்பதும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும். அபர்ஃபானில் தெரிவித்தவர்கள் இருந்தார்கள். கேட்டு நடந்தவர்கள்தான் இல்லை.

நம் கையிலும் சட்டம் இருக்கிறது. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும். 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, வேலையிடத்தில் உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பும் தொழிலாளி அதை முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் நடவடிக்கை எடுக்காவிட்டால் அங்கிருந்து விலகிக்கொள்ளும் உரிமை தொழிலாளிக்கு உண்டு.

ஆகவே தோழர்களே, வெடிப்பைக் கண்டால் கங்காணியிடம் வாய்வார்த்தையாகச் சொல்லி விட்டுவிடாதீர்கள். தேதி போட்டு எழுதி, ஆப்பீசில் கொடுத்து, ஒரு நகலில் கையெழுத்து வாங்குங்கள். சங்கத்துக்கும் ஒரு நகல் போகட்டும். பக்கத்து வீட்டில் இருக்கும் வங்காளதேசத்துத் தொழிலாளிக்கும் காட்டிக் கொடுங்கள். மண் ஆள் பார்த்து விழுவதில்லை. மழை கொட்டும் இரவில் சந்தேகம் வந்தால், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு முதலில் வெளியேறுங்கள். சாமானை விடிந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம்.