சைக்கிள் திருட்டும் எழுத்துத் திருட்டும்

ஒருவருடைய சைக்கிளை இன்னொருவர் ஓட்டிக்கொண்டு போய்விட்டால் போலீஸில் புகார் கொடுக்கலாம். அதே மனிதர் நாலு மாதம் உட்கார்ந்து எழுதிய கட்டுரையை இன்னொருவர் தன் பெயரில் வெளியிட்டால்? "அதுவும் திருட்டுதானே, பிடித்து உள்ளே போட வேண்டியதுதான்" என்பார்கள் பலர். கோபம் நியாயமானதுதான். ஆனால் சட்டமும் அதைத் திருட்டு என்றே எடுத்துக்கொள்ள வேண்டுமா?

2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் இருப்பது பாரதிய நியாய சன்ஹிதா. அதன் 303-வது பிரிவின்படி, ஒருவர் வசமுள்ள அசையும் பொருளை அவர் சம்மதமில்லாமல், நேர்மையற்ற நோக்கத்தோடு எடுத்துப்போக நகர்த்துவதுதான் திருட்டு. சைக்கிள் போனால் உடையவரிடம் சைக்கிள் இல்லை. கட்டுரையைக் காப்பி அடித்தால் கட்டுரை அவரிடமே இருக்கிறது; போவது அவருடைய பெயர்தான். அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1985-ல் டவ்லிங் வழக்கில் இந்த வேறுபாட்டைப் பார்த்தது. அனுமதியில்லாமல் பதிவுசெய்த இசைத்தட்டுகளைத் திருட்டுப் பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவர முடியாது என்று தீர்ப்பளித்தது.

அப்படியென்றால் எழுதியவருக்குப் பாதுகாப்பே இல்லையா? இருக்கிறது. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-வது பிரிவு, 'இது என் படைப்பு' என்று சொல்லிக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. தெரிந்தே பதிப்புரிமையை மீறினால் 63-வது பிரிவின்படி 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

ஆனால் பதிப்புரிமை வேறு, எழுத்துத் திருட்டு வேறு. எழுத்தாளர் இறந்து 60 வருடம் ஆனபின் அவர் நூலை யாரும் அச்சிடலாம். அந்த நூலையே ஒருவர் தன் பெயரில் ஆய்வேடாகக் கொடுத்தால்? பொருளை இழந்தவர் யாருமில்லை. ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள்: படித்தவர், பட்டம் கொடுத்தவர், அதே வேலைக்கு நேர்மையாக எழுதிக் காத்திருந்தவர். ஆக, இது திருட்டைவிட மோசடிக்குத்தான் பக்கம்.

மோசடிக்குச் சரியான மருந்து, அதனால் கிடைத்ததைப் பிடுங்குவது. ஜெர்மனியின் பாதுகாப்பு அமைச்சர் குட்டன்பெர்க் 2011-ல் இப்படி மாட்டினார். பல்கலைக்கழகம் டாக்டர் பட்டத்தைப் பறித்தது, பதவியும் போனது. பதிப்புரிமை மீறல் விசாரணையோ, 20,000 யூரோ நன்கொடையோடு முடிந்துவிட்டது. அவரை வீழ்த்தியது பட்டம் பறிபோனதுதான்.

இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் விதிகள் கொண்டுவந்தது. ஆய்வேட்டில் 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. 40 வரை திருத்தித் தர வேண்டும். 60 வரை ஒரு வருடத் தடை. அதற்கு மேல் போனால் பதிவே ரத்து. முதல் வருட மாணவன் அசைன்மென்டில் ஒரு பாரா சுட்டதற்கும் முழு ஆய்வேட்டையே களவாடியதற்கும் வித்தியாசம் பார்க்க இப்படிப் படிகள் வேண்டும். எல்லாமே திருட்டு என்றால் அந்த மாணவனும் ஸ்டேஷன் வாசலில்தான் நிற்பான்.

தண்டனை பயம் இல்லாவிட்டால் யார் திருந்துவார்கள் என்று கேட்கலாம். மாணவரின் ஆய்வை வழிகாட்டியே தன் பெயரில் போட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்தால் விடை தெரியும். கையெழுத்துக்கும் சிபாரிசுக் கடிதத்துக்கும் அவரையே நம்பியிருக்கும் மாணவர் எந்த ஸ்டேஷனுக்குப் போவார்? கடுமையான சட்டம் அவருக்கு உதவாது. 2018 விதிகளின்படி நிறுவனக் குழுவில் வெளியிலிருந்து வருபவர் ஒருவர்தான். வெளியாட்கள் பெரும்பான்மையாக இருக்கட்டும். புகார் கொடுத்தவருக்கு உடனே வேறு வழிகாட்டி கிடைக்கட்டும். குற்றம் நிரூபணமானால் பட்டமும் பதவி உயர்வும் திரும்பப் போகட்டும், உண்மையில் எழுதியவர் பெயர் அச்சில் வரட்டும்.

சைக்கிளைப் பறிகொடுத்தவருக்குச் சைக்கிள் திரும்ப வேண்டும். எழுத்தைப் பறிகொடுத்தவருக்குத் திரும்ப வேண்டியது பெயர். அதைச் சிறைக்கதவு கொடுக்காது.